மச்சானின் விலையும் என் விலையும்

பழைய சாமான் விற்கிறவனை யாரும் நேரே கள்ளன் என்று சொல்வதில்லை; "விலையைக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்றுதான் சொல்வார்கள். கடை வைத்திருக்கிற உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

புத்தளம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் என் கடை. போனுக்கு ரீலோட் போடுவது, போன் கவர், ரிமோட் திருத்தம். இதையெல்லாம் நம்பினால் கடை வாடகைகூடத் தேறாது. கடையை இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பது ஒரு சவர்க்காரப் பெட்டி, சோப்பு வைக்கிற அதே பிளாஸ்டிக் பெட்டிதான். அந்த நாளில் சவூதிக்கும் குவைத்துக்கும் போனவர்கள் டீவியில் மாட்டுகிற கம்பியூட்டர் கொண்டு வந்தார்களே, அதற்கான பெட்டி. கீபோர்ட்தான் கம்பியூட்டர். புரோக்ராம் எல்லாம் பாட்டுக் கெசட் மாதிரி ஒரு கெசட்டில் இருக்கும். கெசட் ரெக்கோடர்கள் செத்துப்போய்விட்டன, கம்பியூட்டர்கள் மட்டும் பொலித்தீன் சுற்றியபடி அலுமாரிகளில் இருக்கின்றன.

கெசட்டுக்குப் பதிலாக மெமரி காட்டைப் போட்டு அவற்றை ஓட வைக்க ஒரு சின்ன சர்க்கிட் வேண்டும். அதை என் மனைவியின் நானா, அதாவது அண்ணன், ரஸீன் மச்சான் தன் கையால் செய்கிறார். இறால் பண்ணையில் மோட்டர் பார்ப்பது அவருடைய தொழில், இது அவருடைய பைத்தியம். சர்க்கிட்டை மூடுவதற்கு சவர்க்காரப் பெட்டியைவிடத் தோதானது அவருக்குக் கிடைக்கவில்லை. யுத்த காலத்தில் இப்படி வயர் நீட்டிய பெட்டியோடு நான் பஸ் ஏறியிருந்தால் இதை வேறு இடத்திலிருந்துதான் எழுதியிருப்பேன்.

ஓம் சொன்ன கதை

மச்சான் எனக்குச் சாமான் செலவுக்கே பெட்டியைத் தந்தார். அவர் கேட்டது ஒன்றுதான்: அதே விலைக்கு நானும் கொடுக்க வேண்டும். என் மனைவி பவுசியாவும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் தலையாட்டி ஓம் என்றேன். மறுநாள் மும்மடங்குக்கு விற்றேன். கடை வாடகையை யார் கொடுப்பது, மச்சானின் ஆசையா?

வீட்டில் பவுசியா பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தது, குசினியில் சோறு போட்டுக்கொண்டிருந்த எனக்கும் கேட்டது. "எங்கட நானா உலகத்துல ஒருத்தரையும் நம்ப மாட்டார். இவரை மட்டும்தான்."

வங்கிக்காரர்

மச்சானுக்கு இன்னொரு கெட்ட பழக்கம். பெட்டியை எப்படிச் செய்வதென்று படம் கீறி ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் வைத்துவிடுவார். யாரும் செய்யட்டுமாம். இப்படி ஒரு ஆளை வைத்துக்கொண்டு எப்படி வியாபாரம் செய்வது, நீங்களே சொல்லுங்கள்.

வங்கியில் வேலை செய்கிற ஒருவர் என் விலையைக் கேட்டுச் சிரித்துவிட்டு, சிநேகிதன் வீட்டுப் பெட்டியிலிருந்த படத்தைப் பார்த்துத் தானே செய்யப் போனார். இரண்டு மாதம் கழித்து விரலில் பிளாஸ்டரோடு வந்து ஒரு பெட்டி கேட்டார். ஒன்றும் விசாரிக்காமல் சுற்றிக் கொடுத்தேன். காசை நீட்டும்போது அவரே சொன்னார்: "இதுக்கு நான் முதல்லயே உங்களிட்ட ஏமாந்திருக்கலாம்."

கற்பிட்டி முதலாளி

கற்பிட்டியில் கருவாடு ஏற்றுகிற முதலாளி ஒருவர் வாங்கிய பெட்டி, உப்புக் காற்றில் உள்ளே துருப்பிடித்துத் திரும்பி வந்தது. மச்சானிடம் கொண்டுபோனேன். அவர் காசு வாங்காமல் சும்மா திருத்தித் தந்தார், புதிதாக ஒரு சுவிட்சும் வைத்துத் தந்தார். நான் அதைக் கொண்டுவந்து, மச்சான் செய்த வேலையைச் சொல்லி முதலாளியிடம் கொடுத்தேன். போக வர பஸ்ஸில் நின்றது நான்தான் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

முதலாளி பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "செய்யிறதும் அவர், திருத்துறதும் அவர். அப்ப நீங்க என்ன செய்யிற?"

மீன்

அந்தக் கேள்வியோடு கடையைப் பூட்டிக்கொண்டு போனேன். பள்ளிவாசலில் தொழுகை நடத்துகிற ஹஸ்ரத்திடம் பொதுவாக ஒரு சந்தேகம் கேட்பதுபோலக் கேட்டேன். ஒருவர் பிடித்த மீனை ஊராருக்கு மலிவாகக் கொடுக்கிறார், அதை வாங்கி இன்னொருவர் கூட விலைக்கு விற்றால் ஹலாலா? ஹஸ்ரத் யோசித்தார். வியாபாரம் ஹலால்தான், ஆனால் வாக்குக் கொடுத்து வாங்கியிருந்தால் அந்த வாக்கைப் பார்க்க வேண்டும் என்றார். முதல் பாதி எனக்குப் பிடித்திருந்தது. எழுந்தேன்.

வாசலில் செருப்பைப் போடும்போது பின்னாலேயே வந்து சொன்னார்: "நம்மட வாப்பா குவைத்துல இருந்து கொண்டுவந்த கம்பியூட்டர் ஒண்டு வீட்டுல கிடக்கு, அதுக்கும் அந்த மீன்ல ஒண்டு வேணும்."

சேவியர் ஐயா

சிலாபத்திலிருந்து சேவியர் ஐயா என்று ஒரு பெரியவர் வந்தார். மச்சான் அனுப்பிய ஆள். மகன் இத்தாலிக்குப் போய்ப் பல வருடம், பேப்பர் சரிவராததால் வந்துபோக வழியில்லை. அந்த மகன் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது, அம்மாவின் பிறந்த நாளுக்கு ஒரு புரோக்ராம் எழுதியிருக்கிறான். பெயரை அடித்தால் டீவி முழுக்கப் பூ வருமாம். அம்மா இப்போது படுக்கையில். அதை ஒருமுறை பார்க்க வேண்டும் என்கிறா. கெசட்டிலிருந்து மெமரி காட்டுக்கு மாற்றிக் கொடுக்கும் வேலையை மச்சான் சும்மா செய்து முடித்துவிட்டார். இனிப் பெட்டிதான் வேண்டும். மச்சானிடம் கைவசம் இல்லை, இருந்ததெல்லாம் என் கடையில்.

விலை கேட்டார், சொன்னேன். குறைக்க வேண்டும் என்று எனக்கு வாய் வரைக்கும் வந்தது. அந்த நேரம் பார்த்து, அதே விலைக்கு வாங்கிய கற்பிட்டி முதலாளி கடைக்குள் கதிரையில் உட்கார்ந்து போன் கவர் தெரிவுசெய்துகொண்டிருந்தார். பெரியவர் மடியிலிருந்த பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கையிலிருந்த பெட்டியை மெதுவாகத் திரும்ப மேசையில் வைத்தார். என்னைச் சங்கடப்படுத்தக் கூடாதென்று அவரே ஒரு நியாயமும் தேடிச் சொன்னார்: "பரவாயில்ல தம்பி, ரஸீன் தம்பி சொன்னது வேற பெட்டியாக்கும்."

கடைசி வாடிக்கையாளர்

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து மச்சான் கடைக்கு வந்தார். சண்டைக்குத்தான் என்று நினைத்தேன். பதில்கள் தயாராக வைத்திருந்தேன்: வாடகை, கரண்ட் பில், பஸ் காசு. அவர் ஒன்றையும் கேட்கவில்லை. கண்ணாடி அலுமாரியைப் பார்த்து, தான் செய்த பெட்டியையே காட்டி, "அதுல ஒண்டு தாங்க" என்றார். எடுத்துக் கொடுத்தேன். சட்டைப் பையிலிருந்து காசை எடுத்து மேசையில் வைத்தார். என் விலை, முழுசாக. சிலாபம் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார்.

"மச்சான், இது என்ன வேலை, எடுங்க" என்று காசைத் தள்ளினேன். அவர் அதைத் திருப்பி என் பக்கம் தள்ளி, பறக்காமலிருக்கக் கல்குலேட்டரை மேலே வைத்தார். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அவ்வளவு வெட்கமாக இருந்தது. கை தானாகவே பில் புத்தகத்துக்குப் போனது. இருபது வருடப் பழக்கம்.

வாசல் வரை போனவர் திரும்பி வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பில் வேணாம் மச்சான். தங்கச்சிட கண்ணுல பட்டா அவ தாங்க மாட்டா."

விலை குறைக்கச் சொல்லி மணிக்கணக்காக உயிரை வாங்குகிற வாடிக்கையாளர் எத்தனை பேர் வந்தாலும் சமாளித்துவிடலாம், கேட்ட விலையை வாய் திறக்காமல் கொடுத்துவிட்டுப் போகிற ஒருவர் மட்டும் உங்கள் கடைக்கு வராமல் அல்லாஹ் காப்பாற்றட்டும்.