இடி இடித்தால் மெயின்

தோட்டத்து லயத்தில் கல்யாணமோ காரியமோ, வீடியோ எடுக்கிறவன் திருச்செல்வம்தான். அவனைப் பொறுப்பில்லாதவன் என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ள முடியாது. பகலெல்லாம் தேயிலை ஆலையில் நின்றுவிட்டு வந்து பழைய கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டுவான். அதில் ஓடுவது இலவச லினக்ஸ். அதன் பெரிய டிஸ்க் நகரவே நகராது.

பிரிஞ்சாங் டவுனில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் திவாகர், சின்னதாய், வேகமாய் ஓடும் ஒரு பழைய எஸ்எஸ்டி டிஸ்க்கைக் கொடுத்தான்.

"இத பெருசுக்கு முன்னால கேஷா, வேகமா வாங்கி வைக்கிற இடமா, போடுலா. அதுக்கு லினக்ஸ்ல பிகேஷ் இருக்கு, எல்விஎம் கேஷ் இருக்கு, எதுல வேணா செய். எழுதுறதுலதான் விஷயமே. ரெண்டுலயும் ஒண்ணா எழுதுனா மெதுவு, ஆனா பயமில்ல. முதல்ல இதுல எழுதிட்டு, அப்புறமா பெருசுக்கு அனுப்புனா பறக்கும்."

"பறக்கட்டுமே!"

"டேய், லாரி ஏறாத கொழுந்து மாதிரிடா அது. இது பழசு. பட்டுனு கரண்டு போனா செத்துரும். உள்ள கெடக்குறதும் அதோட போச்சு."

"பயந்தாங்கொள்ளிலா நீ," என்று சிரித்துவிட்டு, திருச்செல்வம் பறப்பதையே வைத்துக்கொண்டான்.

அதே லயத்து மோகனாவின் கல்யாணத்தில் அவள் அம்மா மாரியம்மா, மகள் தலையில் கைவைத்து ஏதோ சொல்லி அழுதாள். அடுத்த வாரமே கண்ணை மூடிவிட்டாள். அவள் குரல் திருச்செல்வம் எடுத்த கல்யாணப் படத்தில் மட்டும்தான் இருந்தது.

ஞாயிறு மத்தியானம் படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றினான். கண்மூடித் திறப்பதற்குள் ஏறிவிட்டது. கார்டை அழித்துக் கேமராவில் செருகிக்கொண்டு, மேல் லயத்தில் ஒரு சடங்கு வீட்டுக்குப் படமெடுக்கக் கிளம்பினான். கம்ப்யூட்டர் பெட்டியில், டிஸ்க் ஓடுவதைக் காட்டும் சிவப்பு விளக்கு மட்டும் நிற்காமல் மினுக்கியது. மலை முகட்டில் மேகம் கருத்துக்கொண்டிருந்தது.

பக்கத்து லயத்தில் டிவி வெடித்த நாள் முதல், இடி இடித்தால் மெயின் சுவிட்சை இறக்காத வீடு இங்கே கிடையாது.

அவன் நனைந்து திரும்பியபோது கரண்டு இருந்தது. மனைவி சுபத்ரா துண்டை நீட்டினாள்.

"என்னா இடிங்க! ஒங்க கம்ப்யூட்டருக்கு ஒண்ணும் ஆயிரக்கூடாதுன்னு ஓடிப்போயி மெயின இறக்குனேன். இப்பத்தான் ஏத்தி விட்டேன்."

திருச்செல்வம் கம்ப்யூட்டரிடம் ஓடினான். பெட்டியின் சுவிட்சைத் தட்டினான். பெரிய டிஸ்க் கரகரத்தது. சின்னதைக் காணோம் என்றது திரை. மறுபடி தட்டினான். மறுபடியும் அதையே சொன்னது.

வாசலில் குடை மடக்கும் சத்தம்.

"அண்ணே, அம்மா பேசுறத ஒருவாட்டி கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்," என்றாள் மோகனா.

"உட்காரும்மா, இப்பப் போடுவாரு," என்று சுபத்ரா நாற்காலியை இழுத்துத் திரைக்கு நேராகப் போட்டாள்.