பார்க்கவன் உதட்டைச் சப்பினால்

கல்யாணச் சமையலில் பார்க்கவன் நாயருக்கு ஒற்றப்பாலம் வட்டாரத்தில் நல்ல பேர். யாரையும் நம்பாதவர் என்ற பேரும் கூடவே இருந்தது. அடைப் பிரதமன் பாயசத்தில் கடைசியாக என்ன போடுகிறார் என்பது பெண்டாட்டி விலாசினிக்கே தெரியாது; அந்த நேரத்தில் எல்லோருக்கும் முதுகைக் காட்டி நின்றுகொள்வார்.

அப்படி நின்ற ஒரு கல்யாணத்தில்தான் கரண்டி கையிலிருந்து நழுவியது. கொதிக்கும் உருளிப் பக்கம் சாய்ந்தவரை அக்காள் மகன் சுமேஷ் இழுத்துப் போட்டான். கொஞ்ச நேரம் கூப்பிட்ட குரலுக்குப் பதிலே இல்லையாம். இதெல்லாம் சுமேஷ் சொன்னது. பார்க்கவனுக்கு ஒன்றும் நினைவில்லை. நினைவில்லாததை நம்புவதாகவும் இல்லை. கூட இருந்து தொழில் படித்த பயல் இப்போது அடுப்பையே பிடிக்கப் பார்க்கிறான் என்று முடிவு கட்டினார். வலிப்பு என்று டாக்டர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், தீக்கு முன்னால் யார் நிற்க விடுவார்கள்?

டாக்டர் மூளை அலைச் சோதனைக்கு எழுதினார். தலைக்கு எண்ணெய் கூடாது, முந்தின இரவு பாதித் தூக்கம்தான் தூங்க வேண்டும், பட்டினி வேண்டாம், வழக்கமான பிரஷர் மாத்திரையையும் நிறுத்த வேண்டாம். பட்டினி போடாத சோதனை என்ன சோதனை என்று அதிலும் அவருக்குச் சந்தேகம். தூங்காதவன் உளறுவான், அதை எழுதிக்கொள்வார்கள் என்றார். விலாசினி அவர் தலையை அலசிவிட்டாள். கைப்பழக்கத்தில், நீர் கோத்துவிடாதிருக்க உச்சியில் ராஸ்னாதிப் பொடியையும் தேய்த்து அனுப்பினாள்.

சோதனை அறையில் ஜெஸி என்ற பெண் முதலில் அந்தப் பொடியைத் துடைத்தெடுத்தாள். பிறகு நாடாவால் தலையை அளந்து, பென்சிலால் புள்ளி வைத்து, பசை தடவி ஒயர்களை ஒட்டினாள்.

"இதுல கரண்ட் வருமா?"

"வராது சேட்டா. உங்க தலைக்குள்ள ஓடறதைத்தான் இது எடுத்துக்கும். வலிக்காது."

"நினைக்கறதெல்லாம் தெரிஞ்சிடுமா?"

"தெரிஞ்சா என் புருஷனுக்குத்தான் மொதல்ல ஒட்டிப் பாப்பேன்."

அவர் சிரிக்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று பிரதமனை மறந்து சேனைக்கிழங்கையே நினைத்துக்கொண்டு படுத்திருந்தார். மூச்சை இழுத்து இழுத்து ஊதச் சொன்னாள். ஈர விறகை ஊதிய நெஞ்சு, அது சுலபமாகவே இருந்தது. மூடிய கண்ணுக்கு மேல் விளக்கு விட்டுவிட்டு மின்னியது. சேனையை நினைத்தபடியே கண்ணயர்ந்தும் போனார். எழுந்தபோது தலை பிசுபிசுத்தது, அவ்வளவுதான்.

சோதனையில் கோளாறு எதுவும் தெரியவில்லை. பார்க்கவன் சுமேஷை ஒரு பார்வை பார்த்தார். டாக்டர் விடவில்லை. படுத்திருந்த நேரத்துக்கு மூளை ஒழுங்காக இருந்தது என்பதுதான் இதற்கு அர்த்தம், வலிப்பு உள்ளவர்களுக்கும் இப்படி வரும், கண்ணால் பார்த்தவர்கள் சொல்வதுதான் முக்கியம் என்றார். பார்த்தது இவன் ஒருத்தன்தானே என்று பார்க்கவன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நானும் பாத்திருக்கேன்," என்றாள் கூட வந்திருந்த விலாசினி. "வீட்டுல ரெண்டு மூணு தடவை. ஒரே இடத்தைப் பாத்துக்கிட்டு உதட்டைச் சப்புவாரு. கூப்பிட்டா திரும்ப மாட்டாரு. அடுத்த கல்யாணப் பாயசத்தை மனசுல ருசி பாக்கறாருன்னு இருந்துட்டேன். சமையக்காரனைக் கட்டிக்கிட்டவ வேற என்னத்த நெனைப்பா?"

அன்றைக்கு உருளிக்குப் பக்கத்திலும் அப்படித்தான் சப்பினார், பக்கவாட்டில் எட்டிப் பார்த்ததில் தெரிந்தது என்றும், ருசி பார்க்கிறார் என்று தானும் முதலில் சும்மா நின்றதாகவும் சுமேஷ் முனகினான்.

இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டார்களோ என்று பார்க்கவன் மனதில் ஓடியது. ஆனால் விலாசினி சுமேஷுக்கு ஒரு கரண்டி சர்க்கரைகூடக் கைமாற்றுக் கொடுக்காதவள். அதை நினைத்ததும் தோள் தளர்ந்துவிட்டது. டாக்டர் வலிப்புக்கு மாத்திரை எழுதி, அதைத் தானாக நிறுத்தக் கூடாது, நான் சொல்லும்வரை தீப்பக்கம் போகக் கூடாது என்று சொல்லி நீட்டிய சீட்டை வாங்கிக்கொண்டார்.

அடுத்த கல்யாணத்தில் அடுப்புக்குத் தள்ளி நாற்காலி போட்டார்கள். பிரதமனில் கடைசியாகப் போடுவதை வீட்டிலேயே இடித்துப் பொட்டலமாக மடித்துக் கொண்டுவந்து, மோந்து பார்க்கக் கூடாது என்று சொல்லிச் சுமேஷிடம் நீட்டினார். அவன் அதைப் போட்டுக் கிளறி, கொஞ்சம் வாழையிலைத் துண்டில் ஏந்தி வந்தான். பார்க்கவன் வாயில் வைத்து, உதட்டைச் சப்பினார்.

தேங்காய் துருவிய கைகள் நின்றன. எல்லோரும் அவரையே பார்த்தார்கள். சுமேஷ் மெதுவாகக் கிட்டே வந்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான்.

"ருசிதான்டா பாக்கறேன்," என்றார் பார்க்கவன். "போய் வேலையப் பாருங்க. வெல்லம் பத்தல."