கண் மூடாத தையல்காரி

பெரியவர் கையை உயர்த்தினால் பிரார்த்தனைக் கூடத்தில் இருக்கிற அத்தனை பேரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். அந்த நேரத்தில் ‘வருகிறவர்’ வரிசைகளுக்கு நடுவே நடந்து போவார், அவரைப் பார்க்கக் கூடாது என்பது அந்தக் கூட்டத்தாரின் கட்டுப்பாடு. தையல்காரி சின்னப்பிள்ளையாக இருக்கும்போதே கண்ணைத் திறந்து பார்த்துவிட்டாள். பார்த்ததோடு நிற்காமல், "யாரும் வரலியே!" என்று உரக்கச் சொல்லியும் விட்டாள். அன்றைக்குப் பிடித்தது வினை. தலை நரைத்த பிறகும் அவள் கண்ணை மூடியதில்லை. கடைசி பெஞ்சில் அவள் மட்டும். ‘ஆந்தை’ என்று பட்டப்பெயர். ரவிக்கை தைக்க மட்டும் கூட்டத்துப் பெண்கள் அவள் வீட்டுக் கொல்லைக்கதவு வழியாக வருவார்கள்.

"ஆந்தைதான் அளவு சரியா எடுக்கும்" என்று அவளும் சிரித்துக்கொண்டே நூல் கோப்பாள்.

செத்துப்போன தங்கையின் மகளை அவள்தான் வளர்த்தாள். அந்தப் பெண்ணுக்கு அதே கூட்டத்தில் வரன் குதிர்ந்தது. மாப்பிள்ளையின் அப்பா மரக்கடைக்காரர்.

"கல்யாணத்தன்னைக்கு ஒரே ஒரு தடவை மூடுங்க, சம்பந்தியம்மா. திறந்தீங்கன்னா எல்லாம் அங்கயே நின்னுடும்."

"எனக்காகப் பெரியம்மா" என்றாள் பெண். "இதுவரைக்கும் உங்ககிட்ட எதாவது கேட்டிருக்கேனா?"

"கேக்காமலேயே எல்லாத்தையும் வாங்கிக்கிட்டவதானே நீ" என்று அவள் தலையில் குட்டினாள் தையல்காரி. சரியென்று ஒப்புக்கொண்டாள்.

கல்யாணத்தன்று காலை பெரியவரின் கை உயர்ந்தது. மூடினாள். பெரியவரின் குரல் ஒரே சீராக ஓடியது. அதற்குள்ளே ஒரு காலடி அரவம். மெல்ல நடுவழியில் வந்து அவளுக்கு எதிரே நின்றது. ஈரத் துணி வாடை. முகத்துக்கு நேரே மூச்சு, சில்லென்று. எவனோ வம்புக்கு நிற்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். பெண்ணை நினைத்துப் பல்லைக் கடித்தாள். மூச்சு இன்னும் கிட்டே வந்தது.

திறந்துவிட்டாள்.

எதிரே யாரும் இல்லை. ஆனால் கூடத்தில் ஒருவர் கண்ணும் மூடியிருக்கவில்லை. ஆந்தை கண் மூடுகிற அதிசயத்தைக் காண அத்தனை பேரும் திறந்திருந்தார்கள், மணப்பெண் உட்பட. இப்போது அவர்கள் பார்த்தது அவளை அல்ல. அவளுக்கு ஒரு முழம் முன்னால், ஒன்றுமில்லாத இடத்தை. பிறகு எல்லாத் தலைகளும் ஒன்றுபோல மெதுவாக வாசல் பக்கம் திரும்பின, யாரோ நடந்து போவதைப் பார்ப்பது போல. பெரியவரின் குரல் மட்டும் நிற்கவில்லை. அவர் கண்ணும் வாசலில்தான் இருந்தது.

கல்யாணம் நடந்தது. அவள் திறந்தாள் என்று யார் சொல்வது? சொல்கிறவர் தானும் திறந்திருந்ததை ஒப்புக்கொள்ள வேண்டுமே. மரக்கடைக்காரர் வேர்த்து விறுவிறுத்து வந்தார்.

"மூடித்தான் இருந்தீங்க, சம்பந்தியம்மா. நான் சாட்சி."

‘நீங்க எப்படிப் பாத்தீங்க?’ என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ‘யாரைப் பாத்தீங்க?’ என்பது அதற்கும் முன்னால் நின்றது. புருஷன் பக்கத்தில் நின்ற பெண், முகம் வெளிறி, அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா சம்பந்தி" என்றாள் தையல்காரி. "யாரும் வரல."