பழனியாத்தாளுக்கு வந்த சீர்

தை நோம்பிக்கு, அதாவது பொங்கலுக்கு, மில் மூடினால் கோயமுத்தூரில் பாதி ஊர் காலியாகிவிடும். சிங்காநல்லூர்ப் பக்கத்து லைன் வீடுகளில் வரிசையாகப் பூட்டுத்தான் தொங்கும். அன்னூருக்கும் பல்லடத்துக்கும் காங்கயத்துக்கும் என்று மூட்டையும் பிள்ளைகளுமாக ஜனங்கள் பஸ்ஸுக்கு ஓடுவார்கள். போக இடம் இருப்பவர்களுக்குத்தான் நோம்பி. இல்லாதவர்கள் வாசலைக் கூட்டிக் கோலம் போட்டுவிட்டு, அந்தக் கோலத்தைத் தாங்களே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அப்படி உட்கார்ந்திருந்தவள் மில்லில் நூல் சுற்றும் ரீலிங் வேலைக்காரி பழனியாத்தாள். 1930களில் அந்த லைனில் இருந்தவர்களுக்கு அவளைத் தெரியாமல் இருக்காது.

சத்தியமங்கலத்துக்குப் பக்கத்தில், பவானிக் கரையில் தோட்டம் துரவோடு இருந்த குடும்பத்தில் பிறந்தவள். கட்டிக் கொடுத்த இடத்தில் பிள்ளையில்லை என்று புருசன் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு வந்தான். வந்தவளுக்கு ஆரத்தி எடுக்கச் சொல்லித் தட்டைப் பழனியாத்தாள் கையிலேயே கொடுத்தார்கள். அந்த வீட்டு மனிதர்களுக்கு அவ்வளவு தைரியம். அவள் தட்டைக் கீழே வைத்தாள், வெளியே வந்தாள், கோயமுத்தூருக்குப் பஸ் ஏறிவிட்டாள். புது மில்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த காலம். வேலை கிடைத்தது.

அவளுக்குக் கூடப் பிறந்தவர் ஒரே அண்ணன், செங்கோட்டையன். தங்கை மேல் உயிர். ஆனால் கௌரவத்தின் மேல் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக உயிர். சேதி கேட்டதும் மில் வாசலுக்கே வந்துவிட்டார்.

“வெள்ளாமை ஊட்டுப் பொம்பளை கூலிக்கு நூல் சுத்தறதா? கெளம்பு அம்மணி. அவுங்க ஊட்டுல நான் பேசி உட்டுப்போட்டு வாரேன்.”

“அங்க போறதுக்கு ஆத்துல போயி உழுந்தர்றனுங்கண்ணா.”

“அப்ப ஒண்ணு கேட்டுக்க. மில்லு மிதிச்ச காலு என்ற வாசலை மிதிக்கக் கூடாது.”

அவள் மிதிக்கவில்லை. அண்ணனும் இந்தப் பக்கம் வரவில்லை.

எங்கள் சீமையில் நோம்பி என்றால் பெண்களுக்கு முதலில் பிறந்த வீட்டுச் சீர்தான். அண்ணனோ தம்பியோ கூடையில் பச்சரிசி, வெல்லம், சேலை வைத்து, கரும்பும் மஞ்சள் கொத்துமாகக் கொண்டுவந்து வாசலில் இறக்க வேண்டும். அந்த அரிசியில்தான் பொங்கல் வைப்பாள். சீர் வராத வீட்டுக்காரியைக் கேட்க நாதியில்லாதவள் என்பார்கள். ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது?

முதல் வருசம் பழனியாத்தாளுக்குச் சீர் வரவில்லை. “ஏனுங்க்கா, இன்னும் உங்கண்ணன் வரலீங்களா?” என்று தண்ணீர்க் குழாயில் ஆளாளுக்குக் கேட்டார்கள். குடத்தைத் தூக்கிக்கொண்டு போனவள் நோம்பி முடியும்வரை கதவைத் திறக்கவில்லை. அடுத்த வருசம் அவளே சந்தைக்குப் போனாள். கரும்பு, வெல்லம், அரிசி, ஒரு சேலை எல்லாம் வாங்கிக் கூடையில் அடுக்கி வாசலுக்குக் கொண்டுவந்தாள். “அண்ணன் மில்லு கேட்டுக்கே வந்து குடுத்துப்போட்டுப் போய்ட்டாங்க. பஸ்ஸுக்கு நேரமாயிருச்சாம்” என்று சொன்னாள். சேலை அரக்கு நிறம். அவளுக்கு அரக்கு கட்டோடு பிடிக்காது. ஆனால் அண்ணன் எடுத்தால் அரக்குத்தான் எடுப்பார். பொய்யிலும் அவளுக்கு ஒரு நியாயம் இருந்தது.

லைன்காரர்கள் ஒன்றும் மாங்காய் மடையர்கள் அல்ல. சந்தையில் அவள் கரும்புக்குப் பேரம் பேசியதைப் பார்த்தவர்களே உண்டு. ஆனாலும் ஒருவர்கூடக் காட்டிக்கொள்ளவில்லை. “சேலை நல்லா இருக்குதுங்க்கா, உங்கண்ணனுக்கு நல்ல கண்ணு” என்றார்கள். இப்படி ஒவ்வொரு தைக்கும் அவளுக்குச் சீர் வந்துகொண்டிருந்தது. அந்தச் சோற்றைத் தனியாக உட்கார்ந்து தின்னும்போது அவள் என்ன நினைத்தாள் என்று நம்மால் சொல்ல முடியாது. ஆனால் எந்த வருசமும் அவள் அதை முழுதாகத் தின்றதில்லை. பாதி, பக்கத்து வீட்டு நஞ்சம்மாளின் மாட்டுக்குப் போய்விடும்.

இந்த நஞ்சம்மாள், மில்லில் மெஷின் பழுது பார்க்கும் பிட்டர் ராசப்பனின் மனைவி. மில் மூடும் நாளில்தான் மெஷின்களைப் பிரித்துத் துடைப்பார்கள் என்பதால் அவர்களும் ஊருக்குப் போவதில்லை. நல்ல பெண். நல்லவர்கள் செய்யும் காரியம்தான் சில சமயம் குடியைக் கெடுக்கிறது.

ஒரு வருசம், பொங்கலுக்கு முந்தின நாள், காப்புக் கட்டும் நாள். வேப்பிலையும் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் சேர்த்து எல்லா வீட்டுக் கூரை எரவானத்திலும் செருகியிருந்தார்கள். பழனியாத்தாள் முதல் நாளே சந்தைக்குப் போய்வந்து, கரும்பைக் கதவோரம் சாத்திச் சீர்க்கூடையையும் வாசலிலேயே வைத்துவிட்டு, மில் மூடுவதற்கு முந்தின கடைசி ஷிப்டுக்குப் போயிருந்தாள். நாலு பேர் பார்க்கத்தானே வைப்பது. மத்தியானம் ஒருவர் வந்தார். வெள்ளைத் தலைப்பாகை, தோளில் மூட்டை, கையில் மண் ஒட்டிய மஞ்சள் கொத்து.

“ஏனுங்க, பழனியாத்தா ஊடு இதுதானுங்களா?”

நஞ்சம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். மூட்டையும் மஞ்சளும் சாக்கு, புருசன் வீட்டு ஆள், இவள் நாதியற்றுக் கிடக்கிறாளா என்று வேவு பார்க்க வந்திருக்கிறான் என்று அவள் புத்தி சொல்லியது. அக்காவின் மானத்தைக் காப்பாற்ற வரிந்துகட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

“இதேதானுங்க. அக்கா மில்லுக்குப் போயிருக்குதுங்க. இப்பத்தான் அதுங்கண்ணன் வந்து சீரு வெச்சுப்போட்டுப் போறாருங்க. வருசந்தவறாம வாராருங்க. தங்கச்சின்னா அவருக்கு உசுருங்க.”

வந்தவர் கரும்பைப் பார்த்தார். கூடையில் மேலாக இருந்த அரக்குச் சேலையைப் பார்த்தார்.

“அண்ணனுங்களா?”

“ஆமாங்க.”

தோளிலிருந்த மூட்டையைக் கீழே இறக்கினார். “நல்லா இருக்குதுங்களா?” என்று கேட்டார்.

“அதுக்கென்னங்க கொறைச்சல்? நல்லா ராணியாட்ட இருக்குது.”

மோர் கொடுத்தாள். வேண்டாம் என்றார். கொண்டுவந்ததை எல்லாம் மறுபடி தோளில் ஏற்றிக்கொண்டு வந்த வழியே போய்விட்டார்.

சங்கு ஊதி வேலை விட்டு வந்த பழனியாத்தாளிடம் நஞ்சம்மாள் நடந்ததைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். “மூஞ்சி செத்துப்போச்சுங்க்கா அந்தாளுக்கு. ஒத்தக் காதும் அறுந்த காது. மஞ்சக் கொத்தைத் தூக்கிட்டு நடையைக் கட்டிட்டாரு.”

செங்கோட்டையனுக்குச் சின்ன வயதில் கன்றுக்குட்டியின் கயிறு இழுத்து இடது காது அறுந்திருந்தது. பழனியாத்தாள் கையிலிருந்த சோற்றுத் தூக்குப் போசியைப் போட்டுவிட்டுப் பஸ் நிற்கும் இடத்துக்கு ஓடினாள். அங்கே கரும்புத் தோகையும் கூட்டமுமாக இருந்தது. சத்தியமங்கலத்து பஸ் எப்போதோ போயிருந்தது. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். ஆடிக்கொண்டு வந்த சதையை வாசலிலிருந்தே திருப்பி அனுப்பிவிட்டது அவள் வாங்கிய கரும்பு.

அண்ணன் வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது என்ற வார்த்தை இருந்தது. அதனால் சத்தியமங்கலத்திலிருந்து வெல்லம் ஏற்றிவரும் வண்டிக்காரர் ஆறுச்சாமியிடம் சொல்லி அனுப்பினாள். வேறு அண்ணன் யாருமில்லை, நானே வாங்கி வைத்ததுதான் என்று வெட்கத்தை விட்டுச் சொன்னாள். ஆறுச்சாமி அடுத்த சந்தைக்கு வந்தபோது அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“நானும் சொல்லிப் பாத்தனுங்க. கேக்கற மாதிரி இல்லீங்க. ‘கரும்பைக் கண்ணால பாத்தேன். என்ற தங்கச்சிக்கு வேறொரு அண்ணன் கெடைச்சுட்டான், நல்லா இருக்கட்டும்’னு சொல்லிப்போட்டாருங்க.”

நஞ்சம்மாள் அழுத அழுகை கொஞ்சமல்ல. பழனியாத்தாள் அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளாவது தேறியிருப்பாள்.

மறு தை வந்தது. பழனியாத்தாள் சந்தைக்குப் போகவில்லை. ஷிப்டுக்கும் போகவில்லை. காப்பு நாள் விடிந்ததிலிருந்து வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். கூடை இல்லை, கரும்பு இல்லை. போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தாள். இத்தனை வருசம் எதை மறைக்கப் பாடுபட்டாளோ அதையே எல்லார் கண்ணிலும் படும்படி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நஞ்சம்மாளுக்குத் தாங்கவில்லை. பொங்கலன்று காலையில் பழனியாத்தாள் தண்ணீருக்குப் போன நேரம் பார்த்து, தன் வீட்டுக் கரும்பில் இரண்டை எடுத்து அவள் கதவோரம் சாத்தினாள். அரிசியும் வெல்லமும் முறத்தில் வைத்தாள்.

குடத்தோடு வந்தவள் அதைப் பார்த்ததும் குடத்தை அப்படியே இறக்கினாள். கரும்பை எடுத்தாள், முறத்தை எடுத்தாள், விறுவிறுவென்று கொண்டுபோய் நஞ்சம்மாள் வீட்டு வாசலில் வைத்தாள்.

“வேண்டாம் கண்ணு. எங்கண்ணன் வந்து பாத்தா மறுக்காத் திரும்பிப் போயிருவாங்க.”

நஞ்சம்மாள் முறத்தை உள்ளே எடுத்துப்போனாள். லைனில் மிச்சமிருந்த நாலைந்து வீட்டிலும் பானை பொங்கியது. பிள்ளைகள் தட்டில் கரண்டியால் தட்டிச் சத்தம் போட்டார்கள். பழனியாத்தாள் வீட்டு அடுப்பு மட்டும் பற்றவில்லை. சாயங்காலம் ராசப்பன் வேலை முடிந்து எண்ணெய்க் கையோடு வந்தவர், வாய்ப் பழக்கமாக, எல்லா வருசமும் கேட்பது போலவே கேட்டார்.

“ஏனக்கா, அண்ணன் வந்துட்டுப் போய்ட்டாங்களா?”

“இல்லீங்க தம்பி, வரலீங்க” என்றாள் பழனியாத்தாள். “இன்னும் பொழுது இருக்குதுங்க.”