சோதிலிங்கம் தைத்த பாஸ்

சோதிலிங்கத்துக்கு முத்திரை என்றால் தனி மரியாதை. வன்னியில், விசுவமடுவில், கூப்பனுக்கு அரிசி கொடுக்கும் சங்கக்கடையில் மனேச்சராக இருந்தவர் அவர். கூப்பன் மட்டையில் முத்திரை விழாமல் ஒரு சுண்டு அரிசிகூட அவருடைய கடையை விட்டு வெளியே போனதில்லை. கடைக்கு வெளியிலும் இதே கதைதான். வன்னியை விட்டு வெளியேற ஒரு பாஸ், வவுனியாவில் தங்க இன்னொரு பாஸ், கொழும்பில் நிற்பதற்குப் பொலிஸ் பதிவுத் துண்டு. முத்திரை உள்ளவன் வீட்டுக்குப் போனான். இல்லாதவன் சோதனைச் சாவடியில் குந்தியிருந்தான். அவர் கண்ட உலகம் அப்படிப்பட்டது. அவர் பிறகு செய்த காரியத்தைக் கேட்டுச் சிரிக்க வருகிறவர்கள் இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

2007இல் மனைவி சந்திரகாந்தியையும் மகள் தேனுஜாவையும் ஊரில் விட்டுவிட்டு ஜெர்மனிக்கு வந்து சேர்ந்தார். அகதி விண்ணப்பம் சரிவந்ததும் இருவரையும் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்பது எண்ணம். பான் நகருக்குச் சற்றுத் தள்ளி ஒரு சிறு ஊரில், அகதிகள் தங்கும் ஹைமில் அவருக்கு ஒரு கட்டில் கிடைத்தது. கூடவே ஒரு விதியும் கிடைத்தது. விண்ணப்பத்துக்கு முடிவு வரும்வரை அனுமதி இல்லாமல் அந்த மாவட்டத்தை விட்டு வெளியே போகக் கூடாது. மாவட்ட எல்லை என்று சொல்வது ஒரு பீற்றூட் வயலோரம் நிற்கும் சின்னப் பலகையைத்தான். காவல் இல்லை, கம்பி இல்லை. காவல் இல்லாத எல்லையை மதித்து நடப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவருக்கு அங்கேதான் தெரிந்தது.

2009 பிறந்ததும் வன்னியிலிருந்து தொலைபேசி நின்றுபோனது. செய்திகளில் தினமும் குண்டு விழுந்தது. சித்திரை மாதம் டுசல்டோர்ஃபில் தமிழர்கள் கூடிப் போரை நிறுத்தச் சொல்லிக் கத்தியபோது சோதிலிங்கமும் அனுமதி கேட்காமல் போய்க் கத்தினார். வேறு என்ன செய்ய முடியும் அந்த மனிதரால்? திரும்பி வரும்போது ரயில் நிலையத்தில் பிடிபட்டார். தண்டத்தோடு ஒரு கடிதம் வந்தது. சிறீதரன் வாசித்துச் சொன்னான். உணவகம் ஒன்றில் சமையல் வேலை பார்க்கும் சிறீதரன் முன்னரே வந்து குடியுரிமை எடுத்தவன். சோதிலிங்கத்துக்கு அந்த ஊரில் வாயும் காதும் அவன்தான்.

“அண்ணை, முதல் முறை எண்டபடியால் தண்டத்தோட விட்டிருக்கினம். ரெண்டாந்தரம் பிடிபட்டால் அது குற்றம். கோட்டுக்குப் போகவேணும். உங்கடை கேசும் பழுதாகும், அக்காவையும் பிள்ளையையும் கூப்பிடுறதும் பழுதாகும். விளங்குதோ?”

“ஓம் தம்பி, விளங்குது,” என்றார்.

அந்தக் கிழமைதான் நேர்த்தி வைத்தார். சோதிலிங்கம் சைவக்காரர், விபூதி பூசாமல் தேத்தண்ணி குடிக்காதவர். ஆனால் வன்னிக்காரருக்கு மடுக் கோயில் மாதா வேற்றுச் சாமி இல்லை. மடுவுக்குப் போக முடியாத ஜெர்மனித் தமிழருக்குக் கேவலார் ஊர் மாதா கோயில் இருக்கிறது. ஆவணி மாதம் ஒரு சனிக்கிழமை, கிறிஸ்தவரான வேதக்காரரும் சைவக்காரரும் பஸ் பிடித்துப் போய் அந்தச் சிறு ஊரையே நிறைத்துவிடுவார்கள். ஹைம் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றவர் கையைக்கூடத் துடைக்காமல், “மாதாவே, அவை ரெண்டு பேரும் உயிரோட இருக்கினம் எண்டு ஒரு சேதி வரட்டும். கேவலாருக்கு உன்னட்டை நடந்தே வாறன்,” என்றார்.

சேதி வந்தது. வைகாசி கழிந்து ஒரு நாள், யாரோ ஒருவருடைய தொலைபேசியில் சந்திரகாந்தி பேசினாள். போர் முடிந்து, இரண்டு பேரும் இராணுவத்தின் முள்ளுக்கம்பி முகாமில் இருக்கிறார்கள், உயிரோடு இருக்கிறார்கள். சோதிலிங்கம் வாய்விட்டு அழுதார். அழுத கையோடு நேர்த்தியைப் பற்றியும் சொல்லிவிட்டார். சொல்லாமல் இருந்திருக்கலாம். கூடாரத்துக்குள் பிடித்துக்கொள்ள ஒரு துரும்பும் இல்லாமல் இருந்தவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

“இஞ்சேருங்கோ, நீங்கள் நடந்து முடியுங்கோ. அப்பத்தான் எங்களை வெளியாலை விடுவினம்.”

நேர்த்தி உயிருக்குத்தான் வைத்தது, விடுதலைக்கு வைக்கவில்லை. ஆனால் அவளிடம் அதைத் திருத்திச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. சில நாளில் அவரும் அப்படியே நம்பத் தொடங்கிவிட்டார்.

வெளிநாட்டவர் அலுவலகத்தில் அனுமதி கேட்டார். அந்தச் சனிக்கிழமைக்கு மட்டும், பஸ்ஸில் போய் பஸ்ஸில் வர, ஒரு தாள் கொடுத்தார்கள். நடந்து போக நாலு நாள் வேண்டும் என்று சிறீதரனை வைத்துக் கேட்டபோது, பஸ் இருக்கும்போது நடப்பது அவசியமான காரணம் ஆகாது என்று அந்த அலுவலர் சொன்னார். திட்டவில்லை, நன்றாகச் சிரித்த முகத்தோடுதான் சொன்னார். இன்னும் இரண்டு தரம் போய்க் கேட்டார். பதில் மாறவில்லை.

இந்த நேரத்தில்தான் அவர் கண்ணில் அந்தப் பாஸ் பட்டது. ஊர்த் தேவாலயத்தில் பழைய உடுப்பு எடுக்கப் போயிருந்தார். முதுகில் பை, கையில் தடியோடு ஒரு ஜெர்மன்காரர் வந்து ஒரு மடிப்பு அட்டையை நீட்டினார். கோயில் அலுவலகத்துப் பெண் அதில் ஒரு முத்திரையைக் குத்தித் திகதியும் எழுதிக் கொடுத்தார். அட்டை முழுக்க அப்படி முத்திரைகள். சோதிலிங்கம் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டு நின்றார். அன்றே சிறீதரனிடம் ஓடினார்.

“அது யாத்திரிகர் பாஸ் அண்ணை. நடந்து போறவை ஒவ்வொரு கோயிலிலையும் முத்திரை எடுப்பினம். படுக்கவும் இடம் குடுப்பினம்.”

“பாஸோ?”

“பேர்தான் பாஸ். உங்களுக்கு உது உதவாது. உது கோயில் முத்திரை, அரசாங்க முத்திரை இல்லை.”

“நீர்தானே தம்பி சொன்னனீர், இஞ்சை கோயிலுக்கான வரியை அரசாங்கமே சம்பளத்திலை வெட்டுறது எண்டு. அப்ப கோயிலும் ஒரு அரசாங்கக் கந்தோர்தானே? பிழையான காரியத்துக்குக் கந்தோரிலை முத்திரை குத்துவினமோ?”

சிறீதரன் தலையில் கை வைத்தான். ஆனாலும் சங்கக்கடைக் கணக்குப்படி அதில் பிழை இருக்கவில்லை.

உண்மையான பாஸை எழுதிக் கேட்டு எடுக்க வேண்டும் என்று அறிந்ததும் சோதிலிங்கம் தானே ஒன்றைச் செய்தார். கொப்பித் தாளை மடித்து, சீரியல் பெட்டி அட்டையை மேலே வைத்து, நூலால் தைத்தார். முன்பக்கத்தில் விண்ணப்பத்துக்கு எடுத்து மிஞ்சிய தன் படத்தை ஒட்டினார். கீழே பெயர், ஹைம் விலாசம், அகதி வழக்கின் இலக்கம், எல்லாவற்றையும் அழகான எழுத்தில் எழுதினார். ஒளிக்கிற எண்ணம் அவருக்குத் துளியும் இல்லை. இவன் ஓடிவிட்டான் என்று நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது, இன்ன இடத்தில் இன்ன நேரம் நின்றான் என்று கேட்டால் காட்ட வேண்டும். பாஸ் இருப்பதே அதற்காகத்தானே.

புதன்கிழமை விடியப் புறப்பட்டார். பீற்றூட் வயலோரப் பலகையைத் தாண்டும்போது இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார். அன்று கோயில் அலுவலகம் ஒன்றில் முதல் முத்திரை விழுந்ததும் பயம் பாதியாகக் குறைந்தது. அடுத்தடுத்த முத்திரைகளோடு மீதியும் போய்விட்டது. கொலோனில் மாதா படம் போட்ட முத்திரை. நொய்ஸில் குதிரை வீரன் முத்திரை. ஒரு இடத்தில் கோயில் மண்டபத்தில் மெத்தை போட்டுக் கொடுத்தார்கள், இன்னோரிடத்தில் சூப் தந்தார்கள். திகதி எழுதிய பிறகு, கைக்கடிகாரத்தைத் தொட்டுக் காட்டி, மணியும் எழுதச் சொல்லி எல்லோரிடமும் கேட்டார். ஒரு அலுவலகப் பெண், “மணி எதற்கு?” என்று வியந்துவிட்டு, எதற்கோ என்று எழுதிக் கொடுத்தார். காலெல்லாம் கொப்புளம். ஆனால் ஊரை விட்டு வந்த பிறகு அந்த மூன்று நாள்தான் அவர் ஒரு காரியம் செய்கிற மனிதராக இருந்தார். மற்ற நாளெல்லாம் காத்திருந்தவர்தானே.

வெள்ளிக்கிழமை பின்னேரம், கெல்டேர்ன் நகரம் தாண்டி வீதியோரம் நொண்டிக்கொண்டு போனபோது ஒரு பொலிஸ் வண்டி பக்கத்தில் வந்து நின்றது. கேவலார் கூப்பிடு தூரம் என்று சொல்ல முடியாவிட்டாலும், இருட்டுமுன் போய்விடலாம். இரண்டு பொலிஸார், இளம் பிள்ளைகள். அடையாள அட்டையைக் கேட்டார்கள். மாவட்ட விதி எழுதிய அகதித் தாளைக் கொடுத்தார். மறுநாளைக்கான அனுமதியைக் கொடுத்தார். அதோடு வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால், ஓரிடத்தில் பிடிபட்டவர் என்று மட்டும் எழுதியிருப்பார்கள். அவர் சட்டைப் பையிலிருந்து தைத்த பாஸை எடுத்து, கேட்காமலே, இரண்டு கையாலும் நீட்டினார்.

பொலிஸ் நிலையத்தில் ஒவ்வொரு பக்கமாகப் பிரதி எடுத்தார்கள். ஒரு பிள்ளை காலுக்கு ஒட்ட பிளாஸ்டர் தந்தான். பிறகு ரயிலில் ஏற்றி, நேரே ஹைமுக்குப் போகச் சொன்னார்கள். மிச்சத்தை நடந்துவிட்டு வருகிறேன் என்று கையாலும் காலாலும் காட்டிக் கேட்டார். இல்லை என்று தலையாட்டினார்கள்.

“மரியாதையான பிள்ளையள் தம்பி,” என்று ரயிலிலிருந்து சிறீதரனுக்குத் தொலைபேசியில் சொன்னார். “பாஸை முழுக்கப் பாத்தவங்கள். ஒரு பக்கம் விடாமல் கொப்பி எடுத்தவங்கள்.”

மறுமுனையில் சிறீதரன் சமையலறையை விட்டு வெளியே வந்தான்.

“எல்லாப் பக்கமுமோ அண்ணை?”

“எல்லாப் பக்கமும். திகதி, மணி எல்லாம் இருக்குத்தானே.”

“ஐயோ அண்ணை,” என்றான் சிறீதரன். நடந்த ஒவ்வொரு மாவட்டத்துக்கும் அவரே சாட்சி சேர்த்துக் கொடுத்திருக்கிறார் என்பதை அவன் மெதுவாக விளங்கப்படுத்தினான்.

சனிக்கிழமை சிறீதரனோடு சட்டப்படி பஸ்ஸில் ஏறினார். பஸ் கெல்டேர்னைத் தாண்டியபோது, இறக்கிவிடச் சொல்லி மிச்சத்தை நடக்கலாமே என்று மனம் அடித்துக்கொண்டது. அனுமதித் தாளில் பஸ் என்றுதான் இருந்தது. இன்னொரு தரம் பிடித்தால்? பயந்துவிட்டார். அவரைக் கோழை என்று சொல்ல எனக்கு வாய் வராது. கேவலாரில் ஊரே மெழுகுதிரியோடு மாதாவின் சிறு கோயிலைச் சுற்றி நின்றது. அவர் கிட்டப் போகவில்லை.

“இவ்வளவு தூரம் நடந்தனீங்கள், அவாவுக்குத் தெரியாதே அண்ணை? போய்க் கும்பிடுங்கோ.”

“நடந்து வாறன் எண்டனான், சிறீதரன். பஸ்ஸிலை வந்து என்னெண்டு முகம் குடுக்கிறது?”

அதன் பிறகு சந்திரகாந்தி பேசக் கிடைத்த போதெல்லாம் முடிந்ததா என்றுதான் முதலில் கேட்டாள். பக்கத்துக் கூடாரத்தில் ஒரு குடும்பத்தை விட்டுவிட்டார்கள் என்றாள். தேனுஜாவுக்குக் காய்ச்சல் என்றாள். இவர், “முடிப்பன், முடிப்பன்,” என்று நாளைக் கடத்தினார்.

வழக்கு கார்த்திகை மாதம் வந்தது. நீதிபதி நரைத்த தலையோடு ஒரு அம்மா. அவர் முன்னால் பிரதிகள் அடுக்கியிருந்தன. நீதிபதி சொல்வதை மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னார்.

“மறைக்க நினைத்தவர் மணி எழுதச் சொல்லிக் கேட்டிருக்க மாட்டார். எனக்கு அது தெரிகிறது. இந்த வழக்கைத் தண்டனை இல்லாமல் முடித்துவிட விரும்புகிறேன். இனி அனுமதி இல்லாமல் இப்படி நடக்க மாட்டேன் என்று மட்டும் அவர் சொல்ல வேண்டும்.”

பின்வரிசை வாங்கிலிருந்த சிறீதரனுக்குப் போன உயிர் வந்தது. சோதிலிங்கம் எழுந்து நின்றார்.

“அம்மா, கொஞ்சத் தூரந்தான் மிச்சம்,” என்றார். “அதுக்கு மட்டும் ஒரு அனுமதி தர ஏலாதோ?”

நீதிபதி பிரதிகளை இன்னொரு தரம் புரட்டினார். “அது என் கையில் இல்லை. வெளிநாட்டவர் அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும்,” என்றார். உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னார். அந்த நாட்டில் எதுவும் எதிரில் இருப்பவர் கையில் இருப்பதில்லை, எப்போதும் வேறொரு கந்தோரில்தான் இருக்கிறது.

கேசைக் காப்பாற்றினால் பிள்ளையை ஒரு நாள் இங்கே கூப்பிடலாம். நேர்த்தியைக் காப்பாற்றினால் பிள்ளை முகாமை விட்டு வெளியே வரும். வெளியே வராத பிள்ளையை எப்படிக் கூப்பிடுவது? எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இனி நடக்க மாட்டன்,” என்றார் சோதிலிங்கம்.

மொழிபெயர்த்தார்கள், பதிந்தார்கள், வழக்கு முடிந்தது. வாசலில் சிறீதரன் கையைப் பிடித்துக் குலுக்கினான். அவர் கையைக் கொடுத்தாரே தவிர முகம் கொடுக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி வந்தது.

“முடிஞ்சுதோ?” என்றாள் சந்திரகாந்தி.

“முடிஞ்சுது.”

“மாதாவின்ரை வாசல் மட்டும் நடந்தோ?”

“ஓம்.”

அவள் அழுகிறாள் என்று தெரிந்தது. பிறகு, “பிள்ளை, அப்பா நடந்து முடிச்சிட்டாராம்,” என்று அவள் கூப்பிட்டுச் சொல்வதும், தொலைபேசி கை மாறுவதும் கேட்டது.

“அப்பா,” என்றாள் தேனுஜா. “அப்ப எங்களை எப்ப விடுவினம்?”

சோதிலிங்கம் ஹைம் நடைபாதைச் சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டார்.

“கெதியா, பிள்ளை,” என்றார். “கெதியா விட்டிடுவினம்.”