சுரண்டக் கூடாத கப்பல்

ஜன்னல் கம்பிகளுக்குச் சாம்பல் பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கிறார் சீஃப். கடலோரக் காவல் கப்பலின் என்ஜின் அறைக்கு அவர் தலைவர். லீவு நாளில் மனைவிக்கு எடுபிடி. தூரிகை துருவின் மேலேயே போகிறது.

"சுரண்டிட்டு அடிக்கக் கூடாதா?" என்கிறார் மனைவி.

"சுரண்டினா கம்பி இருக்காது."

கப்பலில் கற்ற பாடம். இருபது வருடம் ஓடக் கட்டியது, முப்பத்தோராவது வருடமாக ஓடுகிறது. ஆயுள் முடியும்போதெல்லாம் மேலிடம் ஒரு தாளில் அதை நீட்டிவிடும். ஓய்வு வயதைத் தாண்டிய சீஃபுக்கும் அதே உறையில் நீட்டிப்பு வரும். இடது என்ஜினை எங்கே, எத்தனை தட்டு தட்டினால் கிளம்பும் என்பது அவர் கைக்கு மட்டும்தான் தெரியும்.

ஒரு காலத்தில் கடத்தல் படகுகளை விரட்டிய கப்பல். "இப்ப அவங்க நம்மள முந்திப் போறப்ப கை காட்டிட்டுப் போறாங்க. மரியாதை தெரிஞ்சவங்க" என்பார்.

பெரிய அதிகாரி வருகிறார் என்றால் பெயிண்ட் டப்பா திறக்கும். கப்பலின் அடித்தகட்டில் மட்டும் துருச் சுரண்டி படவே கூடாது; பட்டால் ஓட்டை தெரிந்துவிடும். அது எழுதாத சட்டம். வேலையிழந்த சுரண்டி இவர் வீட்டுக்கு மாற்றலாகி வந்து, அடிப்பிடித்த சட்டிகளுக்குச் சேவை செய்கிறது.

என்ஜினுக்குள் சத்தம் கேட்கிற பழக்கத்தில், ஸ்க்ரூடிரைவரின் நுனியை வீட்டு ஃப்ரிட்ஜில் ஊன்றி, பிடியில் காதை வைத்துத் தினமும் நலம் விசாரிப்பார். மனைவி இருமினாலும் அவர் கண் ஸ்க்ரூடிரைவரைத்தான் தேடும்.

மேசைமேல் ஒரு படிவம் கிடக்கிறது. அடித்தகடு உறுதியாக இருக்கிறது, இன்னும் இரண்டு வருடம் தாங்கும் என்று எல்லாம் அச்சடித்தாயிற்று. சீஃபின் கையெழுத்துதான் பாக்கி. போட்டால் கப்பலுக்கும் அவருக்கும் வேலை உண்டு. போடாவிட்டால் இரண்டு பேரும் கரையேற வேண்டியதுதான்.

மனைவி கரண்டிக் காம்பால் ஜன்னல் கம்பி ஒன்றை அழுத்துகிறார். காம்பு மறுபக்கம் வந்து நிற்கிறது.

"கப்பல்லயும் இப்படித்தானா?"

"இத்தனை வருஷமா மிதக்குதுல்ல."

"நான் அதைக் கேக்கலீங்க. நாற்பது பேரு அதுல போறாங்க. பாதிப் பேரு நம்ம வீட்ல சாப்பிட்டவங்க."

சீஃப் டப்பாவை மூடுகிறார். படிவத்தை மடித்துச் சட்டைப்பையில் வைக்கிறார். சமையலறைத் தொட்டியில் கிடந்த சுரண்டியைக் கழுவி, துடைத்து, சாப்பாட்டுப் பைக்குள் போடுகிறார்.

"லீவு நாள்ல எங்க கிளம்பிட்டீங்க? அப்ப சட்டியை நான் எதால சுரண்டுறது?"

அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போகிறார்.