பேலட் நெற்றியில் வைத்த பொட்டு

கைக்குக் கை செல்போன் வந்துக்கினு இருந்த வருஷம். திண்டிவனத்தில் ஷூ தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனியில் எனக்கு பேலட் பார்க்கிற வேலை. பெட்டிகளை அடுக்குகிற மரத்தட்டுதான் பேலட். பூச்சி சாகிற அளவு சூடேற்றிய மரம் என்று அதில் முத்திரை சுட்டிருக்கணும், எழுத்து தெளிவாகத் தெரியணும். அப்போதுதான் பழைய பேலட்டை மறுபடி கப்பலில் ஏற்றலாம். முத்திரை இல்லாததைக் கழித்துப் போடணும். அதைப் பிரிக்கிற மகாராணி நான். கால் தரையில் நிக்கல.

வீட்டில் அம்மா வேறு திட்டத்தில் இருந்தார். "ஞாயித்துக்கிழமை விக்கிரவாண்டிலேர்ந்து பொண்ணு பாக்க வர்றாங்க. வேலை நிரந்தரமாச்சுன்னா சொல்லு, வேணாம்னுடறேன்." நிரந்தரமோ, அந்த வாரம் பேலட் முத்திரையைச் சோதிக்க வரும் ஆபீசர் போடப்போகும் கையெழுத்தில் இருந்தது.

ஆயுத பூஜை லீவு முடிந்து விழுப்புரத்திலிருந்து பஸ் பிடித்துப் போனால், அத்தனை பேலட்டிலும் சந்தனம், குங்குமம். எல்லாம் முத்திரை மேலேயே.

"நெத்தி எதுன்னு தெரியலம்மா. எழுத்து இருந்த எடத்துல வெச்சிட்டோம்," என்றார் லோடு ஏத்துற அண்ணன்.

"துடைங்கண்ணே."

"பூஜைப் பொட்டை எவன் துடைப்பான்? நீ வேற."

அதற்குள் ஆபீசர் ஜீப் வந்துவிட்டது. நெற்றி நிறைய விபூதி. "முத்திரை எங்கம்மா?"

"பொட்டுக்கு உள்ள இருக்குங்க சார்."

அவர் கையை நீட்டினார், நீட்டிய கையை மெதுவாக இழுத்துக்கொண்டார். பயத்தில் எனக்குச் சிரிப்பு பீறிட்டது. சாமி மன்னிக்கட்டும் என்று துப்பட்டா நுனியை நனைத்துத் துடைத்தேன். மேலே இருந்ததுதான் போச்சு. சுட்ட பள்ளத்தில் சந்தனம் நின்று, எழுத்து மஞ்சளாகப் பளிச்சென்று எழுந்தது. ஆபீசர் கண்ணாடியைக் கழற்றிவிட்டே படித்தார். நான் துடைத்துக்கினே ஓடினேன், அவர் படித்துக்கினே வந்தார்.

கடைசி வரிசையில் ஒன்று துடைத்ததும் மொழுக்கென்று இருந்தது. எழுத்தே இல்லை. பிரித்தவள் நான்தான். "இது என் தப்பு சார்," என்று நானே இழுத்துக் கழித்த குவியலில் போட்டேன். அவர் பேனாவைத் திறந்து கையெழுத்தைப் போட்டார்.

முதலாளி மேசையிலிருந்த போனை எடுத்து வீட்டுக்கு அடித்தேன்.

"அம்மா, ஞாயித்துக்கிழமைக்குக் கேசரி கிண்டாத."


"ஏன்டி?"

"கிண்டு. நம்ம சாப்பிடலாம். அவங்க வரவேணாம்."